அண்டார்டிகாவா, ஸ்வால்பார்டா, நார்வே கரையா? துருவக் கப்பல் ஏறும் முன் ஒரு கணக்கு

தர்மபுரியில் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர், பணிக்கொடையில் ஒரு பங்கை எடுத்து மனைவியோடு அண்டார்டிகா போய்வரலாமா என்று கேட்கிறார். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் ஒரு தம்பதிக்கு, பத்தாவது படிக்கும் மகளுக்குப் பனிக்கரடி காட்ட ஆசை. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழில் செய்யும் ஒருவருக்குக் காசு பிரச்சினை இல்லை, நாள்தான் பிரச்சினை. மூவரிடமும் பளபளப்பான டூர் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே பெங்குவின் படம், அதே நீலப் பனிப்பாறை. எதை எடுப்பது?

துருவக் கப்பல் என்றால் ஆடம்பரக் கப்பல் இல்லை. நான் சொல்வது புவியியல், பறவை, திமிங்கிலம், துருவ வரலாறு தெரிந்த ஆட்கள் கூடவே வந்து, காலையும் மாலையும் ரப்பர் படகில் கரைக்குக் கூட்டிப்போய், ராத்திரி அன்று பார்த்ததைப் பற்றிப் பேசுகிற வகை. மதுக்கூடமும் நீச்சல் குளமும்தான் வேண்டும் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது கரையில் நிற்கும் நேரம். கப்பல் எத்தனை நாள் ஓடுகிறது என்பது வேறு, உங்கள் கால் பனியில் எத்தனை மணி நேரம் படுகிறது என்பது வேறு. புத்தகத்தில் "11 நாள் அண்டார்டிகா" என்று போட்டிருப்பார்கள். அதில் நாலு நாள் நடுக்கடலிலேயே போய்விடும்.

அடுத்தது வழிகாட்டிகள். எத்தனை பயணிக்கு ஒருவர், அவர்கள் எந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள், எந்த மொழியில் பேசுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலம்தான், அதுவும் ஸ்காட்லாந்துக்காரர், நியூசிலாந்துக்காரர் உச்சரிப்பில் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பெரியவர்களுக்கு முதல் இரண்டு நாள் காதில் ஏறாது. போகும் முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் மூன்றாம் நாள் பிடிபட்டுவிடும்.

மூன்றாவது, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் மொத்தச் செலவு. கப்பல் டிக்கெட் அதில் ஒரு பகுதிதான். நாலாவது லீவு. ஐந்தாவது உடம்பு: முட்டி, ரத்த அழுத்தம், கடல் குமட்டல். விசா கடைசி. சிரமம் என்றாலும் நேரம் கொடுத்தால் முடிந்துவிடும்.

என் கருத்தை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். எந்தத் துருவம் என்பதைவிட, கரையில் எத்தனை மணி நேரம், யாரோடு என்பதுதான் இந்தக் காசுக்கு மதிப்புத் தருகிறது. அந்தக் கணக்கில் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு முதல் பயணமாக, நார்வேக்கு வடக்கே வடதுருவப் பக்கம் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுகள் பொருந்துகின்றன. அண்டார்டிகா இல்லை என்றால் தூக்கம் வராது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது, சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

டாலர் 90 ரூபாய், யூரோ 100 ரூபாய் என்று போட்டுப் பார்த்த தோராயக் கணக்கு இது. ஆளுக்கு, இரண்டு பேர் ஒரு கேபினில். சீசனுக்குச் சீசன் மாறும்.

| வழி | வீடு–வீடு நாள் | மொத்தச் செலவு (லட்சம்) | கரை இறங்குதல் | கடல் ஆட்டம் |
|---|---|---|---|---|
| அண்டார்டிகா தீபகற்பம், சின்னக் கப்பல் | 16–18 | 9–15 | 4–5 நாள், நாளுக்கு இரண்டு முறை | அதிகம் |
| அதே இடம், ஒருவழி அல்லது இருவழி விமானத்தில் | 13–15 | 13–20 | ஏறக்குறைய அதே | குறைவு |
| அண்டார்டிகா, பெரிய கப்பல் | 19–21 | 5–7 | இல்லை | நடுத்தரம் |
| சவுத் ஜார்ஜியாவும் சேர்த்து | 25–30 | 15–25 | அதிகம் | மிக அதிகம் |
| ஸ்வால்பார்டு, சின்னக் கப்பல் | 12–15 | 6.5–12 | 5–7 நாள், நாளுக்கு இரண்டு முறை | பெரும்பாலும் குறைவு |
| நார்வே கரைக் கப்பல் + லாங்இயர்பியென் (ஸ்வால்பார்டின் ஊர்) | 12–14 | 4–6 | ஊர்களில் மட்டும், பிறகு பகல் படகு | குறைவு |

## அண்டார்டிகா, உசுவாயாவிலிருந்து சின்னக் கப்பலில்

எல்லோரும் மனதில் வைத்திருப்பது இதைத்தான். அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் உசுவாயாவில் ஏறி, டிரேக் கடல்வழியை இரண்டு நாளில் கடந்து தீபகற்பத்தை அடைவார்கள். சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை. நவம்பரில் பனி புதிதாக இருக்கும், பெங்குவின்கள் கூடு கட்டும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் குஞ்சு பொரிக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலம் அதிகம், ஆனால் பெங்குவின் கரையெல்லாம் சேறும் எச்சமும்.

அண்டார்டிகா சுற்றுலா நடத்தும் கம்பெனிகளின் சங்கம் ஐயாட்டோ, 1991-ல் தொடங்கியது. அவர்கள் விதிப்படி ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது கூட இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு இந்த நூறு என்ற எண்தான் பதில். 100 பேர் உள்ள கப்பலில் எல்லோரும் ஒரே சமயத்தில் இறங்கி இரண்டு மணி நேரம் நிற்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் படகில் சுற்றிக்கொண்டு முறை மாற்றுவார்கள். 400 பேர் கப்பல் என்றால் காத்திருப்பதிலேயே பாதி நாள் போகும். விலைப்பட்டியலில் 400 பேர் கப்பல் மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

நான் போட்ட மனக்கணக்கு இது. ஐந்து நாள், நாளுக்கு இரண்டு இறக்கம், ஒவ்வொன்றும் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். வானிலை ஒத்துழைத்தால் 15 முதல் 20 மணி நேரம். பத்து லட்சத்தை அதில் வகுத்தால் மணிக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் யார் பக்கத்தில் நின்று என்ன சொல்லித் தருகிறார் என்பது முக்கியமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

கரைக்குப் போவது எப்படி என்று பலருக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இறங்குவதற்கு முன்னால் ஒரு அறையில் எல்லோர் பையும் கோட்டும் காலணியும் சோதிக்கப்படும். வழிகாட்டி ஒருவர் சின்ன இடுக்கியோடு உட்கார்ந்து, கோட்டின் ஒட்டுப்பட்டையில் சிக்கிய புல் விதையை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். வாக்குவம் வைத்துப் பாக்கெட் மூலையை உறிஞ்சுவார். நம் காட்டில் நடந்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போனால் ஒட்டுப்புல்லும் பார்த்தீனியமும் அங்கே மாட்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவகைப் புல் கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேர்பிடித்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. பிறகு பூட்ஸைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி, கப்பல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஜோடியாக் என்ற ரப்பர் படகில் இறங்க வேண்டும். உள்ளங்கையைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் பிடித்துக்கொள்வார்கள், வழுக்காது. ஒகேனக்கலில் பரிசல் ஏறி இறங்கிப் பழகியவருக்கு இது பெரிய விஷயமில்லை, ஓரத்தில் உட்கார்ந்து நடுவில் கால்வைக்கும் அதே பழக்கம்தான்.

கரையில் பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பறவைக்காய்ச்சல் அந்தப் பக்கம் பரவிய பிறகு, தரையில் உட்காரவோ படுக்கவோ பையை வைக்கவோ கூடாது என்றும் சேர்த்துவிட்டார்கள். நிற்க முடியாத முட்டிக்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படிப்பு விஷயத்தில் இந்தக் கப்பல்கள் நல்லவை. திமிங்கில வாலின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து ஹாப்பிவேல் என்ற தளத்துக்கு அனுப்பினால், அது எந்தத் திமிங்கிலம், இதற்கு முன் எங்கே தென்பட்டது என்று சொல்வார்கள். கடல்நீரில் மிதக்கும் நுண்பாசியைப் பயணிகளே எடுத்துத் தரும் திட்டம் ஒன்றும் உண்டு. பள்ளி ஆசிரியர்களுக்கு இது திரும்பிவந்த பிறகும் உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாற வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சார்னோக்கைட் என்ற கருங்கல் வகைப் பாறைக்கும் கிழக்கு அண்டார்டிகாப் பாறைக்கும் உறவு உண்டு. சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் வரை இந்தியாவின் கிழக்குக் கரை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரானைட் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டதும் கண் விரிக்கிறார்கள். ஆனால் உசுவாயாக் கப்பல் போவது அந்தக் கண்டத்தின் மறுபக்கத்துக்கு. நம் பாறையின் பங்காளி இருப்பது இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் நிற்கும் பக்கம். டூர் கப்பல் பெரும்பாலும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

## விமானத்தில் பறந்து போய் ஏறுவது

சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து இரண்டு மணி நேரம் பறந்தால் கிங் ஜார்ஜ் தீவு. அங்கே சிலி நிலையத்தின் ஜல்லி ஓடுதளத்தில் இறக்கி, கப்பலில் ஏற்றிவிடுவார்கள். டிரேக் கடலின் குமட்டல் மிச்சம், நாலு நாள் லீவு மிச்சம். மாங்கூழ்க்காரருக்கு இது பொருந்தும்.

ஆனால் மேகம் இறங்கினால் விமானம் போகாது. ஒரு நாள், இரண்டு நாள் ஹோட்டலிலேயே உட்கார வேண்டியிருக்கும். அந்த நாள் உங்கள் கரை நேரத்திலிருந்துதான் கழியும். பல கம்பெனிகள் இதற்குப் பணம் திருப்பித் தருவதில்லை, சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். சிலி விசாவும் தனியாக எடுக்க வேண்டும். திரும்பும் விமானத்துக்கும் பெங்களூரு டிக்கெட்டுக்கும் நடுவில் மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள். அப்படி விட்டால் மிச்சமான நாள் எங்கே போயிற்று என்று கேட்கக்கூடாது.

இன்னொன்று. டிரேக்கில் போகும் இரண்டு நாளும் வெட்டி இல்லை. அப்போதுதான் முக்கால்வாசி வகுப்புகள் நடக்கும், பின்னால் வரும் ஆல்பட்ராஸ் பறவையைக் காட்டி இனம் பிரித்துச் சொல்வார்கள். பறந்து போகிறவர்கள் அந்தப் பாடத்தை இழக்கிறார்கள்.

## பெரிய கப்பலில் பார்த்துவிட்டு வருவது

ஐந்து லட்சத்துக்கு அண்டார்டிகா என்று விளம்பரம் வந்தால் அது இதுதான். இரண்டாயிரம் பேர், எட்டு உணவகம், தினம் நடனம். கரையில் ஒருவரும் இறங்க முடியாது. பனிமலைகளைப் பால்கனியிலிருந்து பார்ப்பீர்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு, சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. படிக்கப் போகிறேன் என்பவர்களுக்கு வேண்டாம். விற்பவரிடம் "கரையில் கால் வைப்போமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்குங்கள்.

## சவுத் ஜார்ஜியா

பறவைப் பைத்தியங்களுக்கும் துருவ வரலாற்றுப் பைத்தியங்களுக்கும் மட்டும். தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் தீவு இது. லட்சக்கணக்கான ராஜா பெங்குவின்கள், கிரிட்விகனில் அண்டார்டிகா பயணி ஷாக்கிள்டனின் கல்லறை, கைவிடப்பட்ட திமிங்கில எண்ணெய் ஆலைகள். ஒரு மாதம் லீவும் இருபது லட்சமும் இருந்தால் இதுதான் உச்சம் என்று போனவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். முதல் பயணமாக வேண்டாம்.

## ஸ்வால்பார்டு, சின்னக் கப்பலில்

நார்வேக்கு வடக்கே, வட அட்சரேகை 78 டிகிரியில் லாங்இயர்பியென் ஊர். ஒரு காலத்தில் நிலக்கரி ஊர், இப்போது பல்கலைக்கழக மையமும் உலக விதைப் பெட்டகமும் இருக்கும் ஊர். மே முதல் செப்டம்பர் வரை கப்பல் ஓடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் மறையாது. ஜூலையில் வெயில் ஏழு டிகிரி பக்கம். நம் ஏற்காட்டு ஸ்வெட்டர் போதாது, ஆனால் பயந்த அளவு குளிரும் இல்லை.

தாவரவியல் ஆசிரியர் இங்கேதான் போக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். அண்டார்டிகா முழுக்கத் தேடினாலும் அந்த மண்ணுக்கே உரிய பூக்கும் செடி இரண்டே இரண்டுதான்: ஒரு புல், ஒரு சின்ன மெத்தைச் செடி. ஸ்வால்பார்டில் நூற்றெழுபதுக்கும் மேல் இருக்கிறது. ஜூலையில் ஊதா சாக்ஸிஃப்ரேஜ், துருவ பாப்பி எல்லாம் பாறை இடுக்கில் பூத்துக் கிடக்கும். அங்கே வில்லோ மரம் உண்டு, உயரம் சில சென்டிமீட்டர்தான். காலடியில் மிதிபடும். குனிந்து பார்க்கச் சொல்ல ஒரு வழிகாட்டி இல்லை என்றால் பாசி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். நிலக்கரிப் படிவங்களோடு இலைப் புதைபடிவங்களும் கிடைக்கும். பார்க்கலாம், எடுத்து வருவதற்கு விதிகள் உண்டு. வழிகாட்டியைக் கேட்காமல் எதையும் பாக்கெட்டில் போட வேண்டாம்.

ஓசூர்த் தம்பதிக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மார்ச்சிலிருந்து ஜூன் வரை 500 மீட்டர். புத்தகத்தில் படம் முழுக்க நிறையும் கரடி இப்போது உங்களுக்குத் தொலைவில் ஒரு மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். நல்ல பைனாகுலருக்குக் காசு ஒதுக்குங்கள், கேமராவைவிட அது முக்கியம். கரடி வராமலே போகவும் வாய்ப்பு உண்டு. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆனால் வால்ரஸ், கலைமான், துருவ நரி, பாறை முகடு முழுக்கக் கத்தும் கடற்பறவைகள் ஆகியவை அநேகமாகத் தென்படும். அதே விதிப்படி பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பயணிகளுக்கு மேல் உள்ள கப்பல் நுழையக்கூடாது, குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம். இது நமக்கு நல்லதுதான், கூட்டம் குறையும்.

கரையில் வழிகாட்டிகள் துப்பாக்கியோடு முன்னும் பின்னும் நிற்பார்கள். குழுவை விட்டு யாரும் விலகக்கூடாது. தனியாக நடந்து அமைதியை அனுபவிக்க ஆசைப்படுபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும்.

சில கப்பல்கள் 79 டிகிரியில் நி-ஓலெசுண்டில் நிற்கும். 2008-ல் திறந்த இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கலாம். சீன நிலையத்தின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், ஊரைத் தாண்டினால் 1926-ல் நார்வே துருவப் பயணி அமுண்ட்சென் ஆகாயக் கப்பலைக் கட்டிய கம்பம். நுட்பமான ரேடியோ கருவிகள் இருப்பதால் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வார்கள். பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு அந்த ஊரில் ஒரு மணி நேரம் சுற்றுவது ஒரு பருவப் பாடத்துக்குச் சமம்.

கரை நேரக் கணக்கு: ஆறு நாள், நாளுக்கு இரண்டு இறக்கம், இரண்டு மணி நேரம் வீதம் 24 மணி. எட்டு லட்சம் என்று வைத்தால் மணிக்கு முப்பதாயிரத்து சொச்சம். மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் ஃபியோர்டு என்ற கடல் இடுக்குகளுக்குள்ளேயே பெரும்பாலும் ஓடுவதால் குமட்டலும் குறைவு.

கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பி சவுண்ட் இதற்கு அடுத்த படி, உலகின் மிகப்பெரிய ஃபியோர்டு அமைப்பு. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போனால் துருவ ஒளியும் கிடைக்கலாம். விசாவில் கிரீன்லாந்துக்கும் செல்லும் என்று எழுதியிருக்க வேண்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது.

## நார்வே கரைக் கப்பலும் சொந்த ஏற்பாடும்

காசு கைக்குள் அடங்க வேண்டும் என்பவர்களுக்கு இது. 1893-ல் தொடங்கிய இந்தக் கரைக் கப்பல் இப்போது பெர்கனுக்கும் கிர்கெனஸுக்கும் இடையே ஓடுகிறது, 34 துறைமுகம், போய் வர 12 நாள். சரக்கும் உள்ளூர்ப் பயணிகளும் ஏறும் கப்பல் இது. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, லோஃபோடென் வழியாக ட்ரோம்சோ போய்ச் சேரும். அங்கே இறங்கி லாங்இயர்பியெனுக்கு விமானம், நாலு நாள் தங்கல். அங்கிருந்து பகல் படகில் 1998-ல் கைவிடப்பட்ட பிரமிடென் என்ற சோவியத் சுரங்க ஊருக்குப் போய்வரலாம், பனியாற்று முகத்தையும் பார்த்துவிடலாம். பல்கலைக்கழக மையத்தோடு ஒரே கட்டடத்தில் ஸ்வால்பார்டு அருங்காட்சியகம்.

கரைக் கப்பலிலும் பேச்சு நடத்த ஆள் இருப்பார், ஆனால் ஊருக்குள் இறங்கி ஒரு மணி நேரம் சுற்றுவதுதான். வனவிலங்கு என்று பெரிதாக இல்லை. எல்லாவற்றையும் நீங்களே புக்கிங் செய்ய வேண்டும். லாங்இயர்பியெனில் ஒரு தட்டு சாப்பாட்டின் விலைக்கு இங்கே வீட்டுக்கே விருந்து வைக்கலாம். சமையலறை உள்ள தங்குமிடம் பாருங்கள், அரிசியும் பருப்புப் பொடியும் எடுத்துப் போங்கள்.

## புத்தகத்தில் எழுதாத செலவுகள்

இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

இன்சூரன்ஸ் முதலில். பல கப்பல்கள் அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கு மட்டும் ஒரு லட்சம், இரண்டு லட்சம் டாலர் பாலிசி காட்டச் சொல்லும். சாதாரண வெளிநாட்டுப் பயண பாலிசி துருவப் பகுதியையே விலக்கியிருக்கும், வரி வரியாகப் படியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அதை மறைக்காமல் எழுதி வாங்க வேண்டும். கப்பலில் ஒரு டாக்டர்தான், ஆஸ்பத்திரி இரண்டு நாள் தூரத்தில். மாத்திரைகளை இரண்டு மடங்கு, கைப்பையில் வையுங்கள்.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. அர்ஜென்டினா நம்மிடம் கேட்பதில்லை, அதனால் பலர் போடுவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து திரும்பும்போது இந்தியாவில் சான்று கேட்பார்கள், இல்லை என்றால் தனிமைப்படுத்தலாம். எத்தியோப்பியா வழியாகப் பறந்தாலும் இதே கதை. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டால்தான் சான்று செல்லும்.

விமானம். நமக்குச் சென்னையைவிட பெங்களூரு பக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில், ஓசூர் சாலை நெரிசலைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். பியூனஸ் அயர்ஸில் வெளிநாட்டு விமானம் இறங்குவது எசெய்சாவில், உசுவாயா விமானம் பெரும்பாலும் ஏறுவது ஊருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயில். இரண்டுக்கும் இடையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி. உசுவாயாவுக்கு ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் முன்னால் போய்ச் சேருங்கள். கப்பல் உங்களுக்காக நிற்காது.

வரி. இந்திய டூர் கம்பெனி வழியாக வாங்கினால் ஜி.எஸ்.டி. தனி, டி.சி.எஸ். என்று முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி தனி. டி.சி.எஸ். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, அன்றைய நிலவரத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். கணக்குத் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது.

டிப்ஸ் ஆளுக்கு நாளைக்கு 15 முதல் 20 டாலர், பத்து நாளுக்குக் கூட்டிப் பாருங்கள். தனியாகப் போகிறவருக்கு முழுக் கேபினுக்கான கூடுதல் கட்டணம் பாதியிலிருந்து ஒரு மடங்கு வரை வரும். சில கப்பல்கள் முன்பின் தெரியாத இன்னொருவரோடு கேபினைப் பகிர்ந்தால் விட்டுவிடும். கயாக், பனியில் கூடாரம் போட்டுத் தூங்குவது எல்லாம் தனிக் கட்டணம். கோட் பெரும்பாலும் தருவார்கள், பூட்ஸ் இரவல். தண்ணீர் புகாத பேண்ட், உள்ளே போடும் தெர்மல், இரண்டு ஜோடி கையுறை உங்கள் செலவு. பெங்களூரிலேயே வாங்கிவிடலாம். ஜீன்ஸும் பருத்தியும் அங்கே உதவாது, நனைந்தால் காயாது.

ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஸ்வால்பார்டு ஷெங்கனுக்குள் இல்லை. அங்கே போவது நார்வேயை விட்டு வெளியேறுவதாகவும், திரும்புவது மறுபடி நுழைவதாகவும் கணக்கு. அதனால் இருமுறை அல்லது பலமுறை நுழையும் விசா வேண்டும். ஒருமுறை விசா வாங்கிவிட்டால் திரும்பி வர வழியில்லாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

## தமிழ் கைடும் சாம்பாரும்

இந்தியக் குழுவோடு போகும் பேக்கேஜ்கள் உண்டு. சமையல்காரர் கூட வருவார், டூர் மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். முதல் முறை வெளிநாடு போகும் பெரியவர்களுக்கு இந்த நிம்மதி பெரிது, கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அதே கப்பலில் அதே வழிகாட்டிகள்தான் வரப்போகிறார்கள், நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு சாம்பாருக்கும் துணைக்கும்தான். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் எந்தத் துருவக் கப்பலிலும் பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்துப் போங்கள், ஆனால் கரைக்கு எந்தச் சாப்பாடும் எடுத்துப் போகக்கூடாது.

## யாருக்கு எது

ஆசிரியருக்கும் மனைவிக்கும் ஜூலையில் ஸ்வால்பார்டு, 100 பேருக்குக் குறைந்த கப்பல். செடியும் பூவும் இருக்கிற துருவம் அது.

ஓசூர்த் தம்பதிக்குப் பள்ளி விடுமுறை பெரிய தடை. அரையாண்டு விடுமுறை அண்டார்டிகாவுக்கு நாள் போதாது, விலையும் உச்சம். பத்தாவது பொதுத்தேர்வு முடிந்த மே கடைசியில் ஸ்வால்பார்டு கிடைக்கும். அப்போது கரையில் பனி அதிகம், நடை குறைவு, கடலில் உறைபனி இருந்தால் கரடிக்கு வாய்ப்பு. கைக்கு மீறினால் நார்வே கரைக் கப்பலும் பிரமிடெனும்.

மாங்கூழ்க்காரருக்கு மே முதல் ஜூலை வரை எழுந்து நிற்கவே நேரமிருக்காது. அவருக்கு நவம்பர் அண்டார்டிகா, விமானத்தில் பறந்து ஏறுவது. இல்லை, ஆகஸ்ட் ஸ்வால்பார்டு.

கடல் குமட்டல் பயங்கரமாக வருபவர்கள் டிரேக்கைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் கேபின் எடுங்கள், விலையும் அங்கே குறைவு. மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன் போட வேண்டும், வந்த பிறகு போட்டால் வேலை செய்யாது.

பணம் கட்டும் முன் கம்பெனியிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: மொத்தப் பயணிகள் எத்தனை, கரையில் வழிகாட்டி எத்தனை பேருக்கு ஒருவர், அண்டார்டிகா என்றால் ஐயாட்டோ உறுப்பினரா, வானிலையால் நாள் குறைந்தால் என்ன தருவீர்கள், ரத்து செய்தால் எப்போது எவ்வளவு போகும். மீதித் தொகையைப் பெரும்பாலும் மூன்று, நாலு மாதம் முன்னதாகவே கட்டச் சொல்வார்கள். கடைசி நேரத் தள்ளுபடி உண்மைதான். ஆனால் உசுவாயாவிலேயே உட்கார்ந்து காத்திருக்கும் ஐரோப்பிய இளைஞர்களுக்குத்தான் அது உதவும். விசாவுக்கு மாதக்கணக்கில் அலையும் நமக்கு அது எட்டாது.

## சம்பளம் வாங்கிக்கொண்டு போவது

காசு கொடுத்துப் போக முடியாத, ஆனால் போயே ஆக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் நம் மாவட்டங்களில் உண்டு. அவர்களுக்காக இது. கோவா வாஸ்கோவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம், அண்டார்டிகாவில் இருக்கும் இந்தியாவின் மைத்ரி, பாரதி நிலையங்களுக்கு விஞ்ஞானிகளை மட்டும் அனுப்புவதில்லை. வண்டி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், சமையல்காரர், நர்ஸ் எல்லோரும் ஒப்பந்தத்தில் போகிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்துவிட்டுக் கொஞ்சம் அனுபவம் இருப்பவர்கள் முயற்சி செய்யலாம். கடுமையான மருத்துவப் பரிசோதனை உண்டு, பிறகு உத்தராகண்ட் ஔலியில் பனிப் பயிற்சி. குளிர்காலக் குழுவில் சேர்ந்தால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் கிளம்ப முடியாது. விளம்பரம் அந்த மையத்தின் இணையதளத்திலேயே வரும். நேர்காணலுக்கு நீங்களே போகலாம், காசு வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம்.